குதிரைமலையில் ஏறுவதற்காக இறங்கியது

கற்பிட்டிப் பக்கத்தில் மலை ஏற இடம் உண்டா என்று இந்தப் பக்கத்தை வாசிக்கும் மூன்று பேர் வெவ்வேறு சமயங்களில் கேட்டிருக்கிறார்கள். உண்டு. அதன் பெயர் குதிரைமலை. புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டின் கடலோர மூலையில், கடலுக்குள் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பெப்ரவரி மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நாங்கள் போய் ஏறிவிட்டு வந்தோம். ஏறுவதற்கு எடுத்த நேரம், ஓய்வுகள் உட்பட, இருபத்தாறு நிமிடம். அந்த இருபத்தாறு நிமிடத்துக்கு ஒன்பது வருடம் பயந்துகொண்டிருந்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். என் மூத்த சகோதரி ஜெமீலா ராத்தா, அவருடைய கணவர் இல்யாஸ் மச்சான், நான். மச்சான் கற்பிட்டியில் வெங்காயம் போடுகிறவர், அறுபத்தாறு வயது, ஹாஜியார். ஒன்பது வருடத்துக்கு முன் ராத்தாவுக்குக் கொழும்பில் வயிற்றில் பெரிய ஒப்பரேசன் ஒன்று நடந்தது. அதற்கு முதல் நாள், வாட்டுக்குள் ராத்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அவர் காதுபட மச்சான் ஒரு நேத்தி வைத்தார். இவர் நடந்து வீட்டுக்கு வந்தால், தான் குதிரைமலையில் நடந்து ஏறி, உச்சியில் வைத்து நாலு சஹன் சோறு கொடுப்பதாக. சஹன் என்பது எங்கள் வீடுகளில் விருந்துக்கு எடுக்கும் பெரிய வட்டத் தட்டு. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். நாலு சஹன் என்றால் இருபத்துநாலு பேர்.

அந்த மலை அவர் மனதில் வந்ததற்குக் காரணம் அங்கே இருக்கும் ஸியாரம், இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலம். அவருடைய வாப்பா காலத்தில் தோணிக்காரர்கள் அந்த முனையைக் கடக்கும்போது பாத்திஹா ஓதிவிட்டுத்தான் பாயைத் திருப்புவார்களாம். ராத்தா பதினோராம் நாள் நடந்து வீட்டுக்கு வந்தார். மச்சான் மலைக்குப் போகவில்லை. முதலில் வெங்காயம் கிண்டும் காலம் என்றார். பிறகு முழங்கால் என்றார். உண்மையான காரணம் பயம். ஹஜ்ஜுக்குப் போனபோது மக்காவில் ஹிரா குகை இருக்கும் மலையைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி வந்தவர் அவர். மலை என்ற சொல்லுக்கு அவரிடம் இருந்த அளவு அதுதான்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். இருபது வருடத்துக்கு முன் நான் வேலை செய்த பத்திரிகையின் ஞாயிறு இதழில் எங்கள் கரையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதில் 'வானைத் தொட்டு நிற்கும் குதிரைமலை' என்று ஒரு வரி. முப்பத்தொரு வருடம் நிருபராக இருந்தேன். பாலத்தின் நீளத்தைக்கூட இரண்டு பேரிடம் கேட்டுத்தான் எழுதுவேன். அந்த மலையை மட்டும் ஒரு படகுக்காரர் கடலிலிருந்து சொன்னதை வைத்துக்கொண்டு, கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே இருந்து வானைத் தொட வைத்தேன். மச்சான் அந்தக் கட்டுரையை வெட்டி அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு முறை சாரம் எடுக்கும்போதும் வாசித்துப் பயந்திருக்கிறார்.

இந்த வருடம் ஜனவரியில் ராத்தாவின் இரண்டு கண்ணிலும் கண்புரை, எங்கள் பேச்சில் பூ, நன்றாக முற்றிவிட்டது. தேத்தண்ணிக்கு உப்புப் போட்டதை நாங்கள் சிரித்து விட்டுவிட்டோம். கிணற்றடியில் விழுந்ததை விட முடியவில்லை. வலது கண்ணுக்கு ஒப்பரேசன் நாள் கிடைத்தது. இதை விட்டால் இன்னொரு திகதி கிடைக்க மாதக்கணக்காகும், அதற்குள் கண் இன்னும் மோசமாகும் என்று டொக்டர் சொன்னார். ராத்தா வீட்டுக்கு வந்து, தான் போகப் போவதில்லை என்று அறிவித்தார்.

"ஒரு நேத்திய ஒம்பது வருசமா நிக்க வச்சிக்கிட்டு, இன்னொண்டுக்கு அல்லாட்ட கை ஏந்த எனக்கு வெக்கமா இரிக்கி. முதல்ல மலை. பொறகு கண்."

ராத்தாவின் மருமகன் வந்து பேசிப் பார்த்தார். ஸியாரம், நேத்தி இவற்றையெல்லாம் ஏற்றுக்கொள்ளாதவர் அவர். அரை மணித்தியாலம் பேசிவிட்டு வெளியே வந்து, ஜீப்புக்கு ஆள் பிடித்துக் கொடுத்தார். கண்ணுக்குக் கிடைத்தது பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. மலைக்கு அதற்கு முந்திய சனிக்கிழமை. மலைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அந்த ஐந்து வாரமும் மச்சான் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வீட்டு மாடிப்படி இருபத்தொன்றையும் பத்துத் தடவை ஏறி இறங்கினார். கொழும்புக்கு ஆள் அனுப்பி மலையேறும் சப்பாத்து வாங்கினார், பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபா. முழங்காலுக்குப் பட்டி, கைத்தடி இரண்டு, ஒன்று உடைந்தால் மற்றது.

இனிப் பயணம். கற்பிட்டியிலிருந்து அவர்களின் வேன் அதிகாலை 4.35க்குப் புறப்பட்டது. பாலாவிச் சந்திக்கு 40 கிலோமீட்டர், அங்கிருந்து புத்தளம் நகரத்துக்கு 8. நான் அங்கே 5.40க்கு ஏறினேன். வேனுக்குள் நெய்ச்சோற்றுச் சட்டியின் வாசனை ஆளைத் தூக்கியது. காட்டுக்குள் நெருப்பு மூட்ட முடியாது என்று ஜீப்காரர் முன்பே சொன்னதால் ராத்தாவும் மகளும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து சமைத்திருந்தார்கள். மச்சான் முன் ஆசனத்தில் சப்பாத்தோடு நிமிர்ந்து இருந்தார். நுரைச்சோலையைத் தாண்டும்போது அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைக் காட்டி, குதிரைமலை இதைவிட உயரமா என்று சாரதியிடம் கேட்டதாகவும், சாரதி தெரியாது என்றதாகவும் ராத்தா சொன்னார். பிறகு அதே கேள்வி என்னிடம் வந்தது. நான் வெளியே பார்த்தேன்.

புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு வழியாக எலுவன்குளம் சுமார் 30 கிலோமீட்டர், நல்ல பாதை. 6.30க்கு அங்கே ஜயந்தவின் ஜீப்புக்கு மாறினோம். நாற்பது வயது, சிங்களவர், எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். முழு நாளுக்குப் பதினெட்டாயிரம் ரூபா பேசியிருந்தோம். நுழைவுச்சீட்டு விலையை நான் எழுதமாட்டேன், அது மாறிக்கொண்டே இருக்கிறது. ஏற்கெனவே ஒரு தடவை இந்த இடத்தைப் பற்றித் தப்பாக எழுதியாயிற்று.

காட்டின் நுழைவாசலில் பொலித்தீன் இருக்கிறதா என்று பார்த்தார்கள். சட்டி, நாலு சஹன், தண்ணீர்க் கலன், கைத்தடி இரண்டு. காவலர் கைத்தடிகளை எடுத்துப் பார்த்து, எதற்கு என்று கேட்டார். மலை ஏற என்றார் மச்சான். காவலர் ஜயந்தவைப் பார்த்தார். ஜயந்த தலையைக் குனிந்து டயரைப் பார்த்தார்.

கலா ஓயா ஆற்றை, தண்ணீர் மேலால் பாயும் தாம்போதியில் கடந்தோம். தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு நின்றது. மாரியில் இந்த வழி மூடிவிடும், கவனிக்கவும். பிறகு செம்மண் தடம், பாலை மரக்காடு, நடுக்காட்டில் பள்ளக்கண்டல் அந்தோனியார் கோயில். அங்கே பத்து நிமிடம் நின்றோம். மயில் கணக்கில்லை. மான் இரண்டு கூட்டம். யானை ஒன்று, அதுவும் பின்பக்கம். மச்சான் எதையும் பார்க்கவில்லை. அவர் வானத்தின் ஓரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் மரங்களுக்கு மேலே நீலமாக ஒன்று எழுந்து நின்றபோது அவர் கை ஜீப்பின் கம்பியை இறுக்கிப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் அது கலைந்து மேகமாகப் போனது. அவர் மூச்சு விட்டார்.

வாசலிலிருந்து ஜீப்பின் மீட்டரில் 31 கிலோமீட்டர் காட்டியபோது காடு முடிந்து வெளிச்சம் வந்தது. செம்பு நிற மண், குட்டைப் பற்றைகள், முன்னால் கடல். ஜயந்த இயந்திரத்தை நிறுத்தினார். நேரம் 9.20.

"ஹாஜியார், வந்தாச்சு. குதிரைமலை."

ராத்தா இறங்கினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு நாலு பக்கமும் முகத்தைத் திருப்பினார். பிறகு மிகவும் தணிந்த குரலில், "எனக்கு மலை தெரியுதில்ல. கண் அவ்வளவுக்குக் கெட்டுப் பெய்த்திட்டு" என்றார்.

மச்சானுக்கு நல்ல கண். வெங்காயப் பாத்தியில் ஒரு புழுவை வரம்பில் நின்றே காணக்கூடியவர். அவரும் நாலு பக்கமும் பார்த்தார். பிறகு ஜயந்தவின் கையைப் பிடித்து ஜீப்புக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார். நானும் போனேன்.

"எங்க மலை?"

"நிக்கிறது அதுக்கு மேலதான்."

"மேலயா?"

"ஓம். உச்சி. ஜீப் உச்சி வரைக்கும் வரும் ஹாஜியார்."

விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தோம். கடற்கரையிலிருந்து நாங்கள் நின்ற இடம் ஒரு நெட்டைத் தென்னையின் உயரம் இருக்கும். நியாயமாகச் சொன்னால், நன்றாக வளர்ந்த தென்னை. தரையிலிருந்து பார்த்தால் அது ஒரு மேடு. கடலில் இருந்து வருகிறவனுக்கு, இந்தத் தட்டைக் கரையில் உயர்ந்து தெரியும் ஒரே முனை. எனக்குச் சொன்ன படகுக்காரர் பொய் சொல்லவில்லை. வானைத் தொட்டது நான் சேர்த்தது.

மச்சான் கீழே பார்த்தார். பிறகு என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நீதானே எழுதின."

ஓம் என்றேன்.

பிரச்சினை அத்தோடு முடியவில்லை. நேத்தி, நடந்து ஏறுவதாக. அவர் ஜீப்பில் ஏறி வந்துவிட்டார். ஏறாமல் உச்சியில் நிற்கும் மனிதனுக்கு ஏறுவதற்கு ஒரே வழிதான் உண்டு. மச்சான் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். "எறங்குவம்" என்றார்.

ராத்தாவைப் பாலை மர நிழலில் சட்டியோடு இருத்திவிட்டு, மச்சான் மலை ஏறப் போகிறார் என்று சொன்னேன். அது உண்மைதான். ராத்தா துஆ ஓத ஆரம்பித்தார். நாங்கள் மலை ஏற இறங்கினோம். இறங்கும் தடம் நன்றாகச் சரிந்த செம்மணல், கால் வைத்த இடத்தில் நிற்காது. முழங்கால் உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி. பதினெட்டு நிமிடம் எடுத்தது, அதில் கடைசி மூன்று நிமிடம் அவர் இருந்தபடியே சறுக்கினார். முதல் கைத்தடி அங்கேயே முறிந்தது.

கீழே கடற்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தபோது அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. கீழிருந்து பார்க்க அது ஓரளவு மலை மாதிரித்தான் இருந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லிக் காலை வைத்தார். 10.04. ஐந்து அடி ஏறினால் இரண்டடி மணல் கீழே கொண்டுவந்தது. மூன்று தடவை உட்கார்ந்தார். மூன்றாவது தடவை, விளிம்புக்குச் சற்றுக் கீழே உட்கார்ந்தபோது ஜயந்த மேலே நின்று, கையை நீட்டினால் பிடித்துத் தூக்கிவிடுவதாகச் சொன்னார். தூக்கினால் ஏறியதாக ஆகாது என்று மச்சான் மறுத்துவிட்டார். 10.30க்கு மேலே வந்து, சாரம் முழுக்கச் செம்மண்ணாக, நாலு காலில் நின்று மூச்சு வாங்கினார். ராத்தா அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "யா அல்லா, எவ்வளவு பெரிய மலையா இரிக்கும்" என்றார். யாரும் திருத்தவில்லை.

ஸியாரத்தில் பாத்திஹா ஓதினோம். அந்த இறைநேசரை அடக்கிய கபுறு மிக நீளமானது, பார்த்தால் வியப்பீர்கள். கொஞ்சத் தூரத்தில் செங்கல் சிதைவுகள் இருக்கின்றன, பழைய காலத்துப் பெரிய குதிரைச் சிலையின் கால்கள் என்று காட்டுகிறார்கள். இலங்கையின் முதல் அரசன் வந்து இறங்கிய செம்பு மண் இதுதான் என்றும் சொல்கிறார்கள். நான் கேட்டதை எழுதுகிறேன், உறுதிப்படுத்தவில்லை.

இனிச் சோறு. அந்தக் காட்டு முனையில் இருபத்துநாலு பேருக்கு எங்கே போவது? பக்கத்தில் பூக்குளம் என்ற மீன்பிடி வாடி இருக்கிறது. சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் சீசனுக்கு வந்து தங்கியிருப்பார்கள். ஜயந்த போய்ச் சொல்ல, பதினாறு பேர் இரண்டு படகில் வந்து, மச்சான் இருபத்தாறு நிமிடத்தில் ஏறிய சரிவில் பேசிக்கொண்டே ஓடி ஏறினார்கள். மச்சான் அந்தப் பக்கம் பார்க்காமல் சட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு மூத்தவர் செபஸ்தியான், கையில் பொரித்த மீன் ஒரு வாளி. சும்மா வந்து சாப்பிட்டால் நல்லாயிருக்காது என்றார்.

பதினாறு பேர், ஜயந்த, பதினேழு. நாங்கள் மூன்று பேரும் இருந்தால் இருபது என்று நான் கணக்குச் சொன்னேன். நேத்தி வைத்த வீட்டார் கணக்கில் வரமாட்டார்கள் என்று ராத்தா வெட்டிவிட்டார். "நாலு சஹன் எண்டா நாலு சஹன். அரைச் சஹனோட நான் ஒப்பரேசனுக்குப் போகமாட்டன்." மச்சான் காட்டுப் பாதையைப் பார்த்தபடி நின்றார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. மீனவர்கள் மரியாதைக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செபஸ்தியான், வேண்டுமென்றால் தன் ஆட்கள் இரண்டாவது தடவையும் பசியோடு உட்காருவார்கள் என்றார். அது கணக்கில் வருமா என்று மச்சான் ராத்தாவைப் பார்த்தார். வராது.

12.50க்கு ஒரு ஜீப் சத்தம் கேட்டது. அதிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. மலைநாட்டில், ஹப்புத்தளையில் ஆசிரியராக இருக்கும் சிவராஜ், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார். ஆறு பேர். அவர்களின் சாரதி ஒருவர். மச்சானின் உதடு அசைந்ததில் அவர் எண்ணுவது தெரிந்தது. பதினேழும் ஒன்றும் பதினெட்டு, மூன்று சஹன். ஆறு பேர், நாலாவது சஹன். ஒரு ஆள் கூடவில்லை, குறையவில்லை.

சிவராஜ் இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "மலை எங்கங்க இருக்கு?" என்பது. நல்லவேளை ராத்தா சஹனைத் துடைத்துக்கொண்டு தூரத்தில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிவராஜ் சிரிப்பை அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் திரும்பி நின்று சிரித்தார். அவர்கள் ஊரில் இந்த உயரத்துக்குப் பெயரே வைக்கமாட்டார்களாம்.

மச்சான் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் அப்போது இருந்தது உண்மையான கவலை. இவ்வளவு சின்ன இடத்தில் ஏறியதை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானா என்று காலையிலிருந்தே அவருக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் கேட்பதற்குச் சரியான ஆட்கள் இப்போதுதான் கிடைத்திருந்தார்கள்.

"நீங்க மலைநாட்டாக்கள். உள்ளதச் சொல்லுங்க. இது மலையா இல்லையா?"

சிவராஜ் யோசித்தார். பதில் சொன்னது அவருடைய மாமியார், தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர்.

"ஏறுறப்ப கால் நடுங்குச்சாங்க?"

"நடுங்கின."

"உக்காந்தீங்களா?"

"மூண்டு தரம்."

"அப்ப மலைதான். எனக்கு எங்க மலையில ஒரு நாளும் கால் நடுங்கினதில்ல. அது எனக்கு மலை இல்லீங்க, வேலைக்குப் போற வழி."

மச்சான் சப்பாத்தைக் கழற்றினார். சோற்றைத் தன் கையால் எடுத்து நாலு சஹனிலும் வைத்தார், ஒவ்வொன்றிலும் நடுவில் இறைச்சி, சுற்றிலும் செபஸ்தியானின் பொரித்த மீன். ஒரே தட்டில் கை வைப்பது அந்தப் பிள்ளைகளுக்குப் புதிது. முதலில் ஓரத்தில் கிள்ளினார்கள், பிறகு அம்மாவின் பங்கிலும் கை போனது. மச்சான் சாப்பிடவில்லை. ஒவ்வொரு சஹனாகப் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 1.40க்குச் சட்டி காலி. ராத்தா விரலால் தடவிப் பார்த்து உறுதிப்படுத்தினார்.

திரும்பி எலுவன்குளம் வாசலுக்கு 4.50, புத்தளம் 5.45. மச்சான் வழி முழுக்கத் தூங்கினார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பெப்ரவரி, மார்ச் நல்ல காலம், ஆற்றில் தண்ணீர் குறைவு, வாடியில் ஆட்கள் இருப்பார்கள். ஜீப்பை முதல் நாளே பேசி, குதிரைமலை வரைக்கும் என்று சொல்லுங்கள், சொல்லாவிட்டால் குளத்தடியில் முதலையைக் காட்டிவிட்டுத் திருப்பிவிடுவார்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர். நெருப்பு இல்லை, பொலித்தீன் இல்லை, கழிவறை இல்லை. விளிம்புக்கு மிக அருகில் நிற்க வேண்டாம், மண் உதிர்கிறது. பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபா சப்பாத்து வேண்டாம், வெறுங்கால் போதும். உங்களோடு வருகிறவருக்கு உயரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எழுதுகிறவராக இருந்தால், போய்ப் பார்த்த பிறகு எழுதுங்கள். ஆனால் மலை சின்னது என்பதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். அந்தச் சரிவின் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி என் மச்சான் பார்த்த கடலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்த வியாழக்கிழமை ராத்தா சொன்னபடி ஒப்பரேசனுக்குப் போனார். நன்றாக முடிந்தது. பத்து நாளுக்குப் பிறகு நான் பார்க்கப் போனபோது கறுப்புக் கண்ணாடியோடு கதிரையில் இருந்தார். என் பிழை, போனில் படம் இருப்பதாக வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கடற்கரையிலிருந்து முழு மலையும் தெரிய எடுத்த படம். விளிம்புக்குச் சற்றுக் கீழே மச்சான் உட்கார்ந்திருக்கிறார், மேலே விளிம்பில் ஜயந்த கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். இருவருக்கும் நடுவில் ஒரு முழம்.

ராத்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மச்சான் தேத்தண்ணிக் கோப்பையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"இதுதானா நீங்க ஏறின மலை?"

"ஓம்."

ராத்தா போனை என்னிடம் திருப்பித் தந்தார்.

"அப்ப அண்டைக்கி என்ட கண்ணுல ஒரு பிழையும் இல்ல."